அக்காவின் இருமலுக்கு இரண்டு கருவிகள்

என் அக்காவுக்கு இயக்க நரம்பணு நோய் வந்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. ஏ.எல்.எஸ். என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் இந்த நோய் அவளுடைய வலது கையில் தொடங்கி, பிறகு கால்களுக்கு இறங்கி, மூன்றாம் ஆண்டில் மூச்சுத் தசைகளைத் தொட்டது. கையும் காலும் தளர்ந்தபோது அதைக் கண்ணால் பார்த்தோம். கையிலிருந்த டம்ளர் நழுவியது. படி ஏறக் கைப்பிடி தேவைப்பட்டது. மூச்சுத் தசை தளர்ந்ததை அப்படிப் பார்க்க முடியவில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரு சாதாரணச் சளி வந்தது. எங்களுக்கு நான்கு நாளில் விட்டுவிட்டது. அக்காவுக்கு நெஞ்சில் இறங்கிவிட்டது. அவள் இருமினாள், ஆனால் அது இருமலாகக் கேட்கவில்லை. தொண்டையைச் செருமுவது போன்ற சிறு ஓசை மட்டுமே வந்தது. நெஞ்சுக்குள் கொரகொரவென்று கோழை புரளும் சத்தம் அடுத்த அறை வரை கேட்டது. அதை மேலே கொண்டுவர அவளிடம் வலு இல்லை.

பத்து நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டுத் திரும்பிய பிறகு எங்கள் வீட்டுக்கு இரண்டு கருவிகள் வந்தன. ஒன்று, சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் மெஷின். மற்றொன்று, இருமலுக்கு உதவும் காஃப் அசிஸ்ட் மெஷின். முதலாவது அந்த வாரமே வந்தது. இரண்டாவது வருவதற்கு ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதத்தை நாங்கள் வீணாக்கிவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. தசைச்சிதைவு நோய், முதுகெலும்புத் தசைநலிவு நோய், கழுத்துத் தண்டுவடக் காயம் என எந்தக் காரணத்தால் மூச்சுத் தசை தளர்ந்திருந்தாலும், அப்படிப்பட்ட ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு அந்த வருத்தம் வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. இங்கே நான் சொல்லும் அழுத்தங்களும் நேரங்களும் அக்காவுக்கு அமைந்தவை; உங்கள் வீட்டிலிருப்பவருக்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும்தான் முடிவு செய்ய வேண்டும்.

நலமாக இருப்பவர்கள் இருமலைப் பற்றி யோசிப்பதே இல்லை. நானும் யோசித்ததில்லை. ஒரு நல்ல இருமலுக்கு முதலில் உதரவிதானம் கீழிறங்கி நெஞ்சு நிறையக் காற்றை இழுக்க வேண்டும். அடுத்து குரல்நாண்கள் இறுக மூடி, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் அந்தக் காற்றை உள்ளேயே பிடித்துவைக்க வேண்டும். அதற்குள் வயிற்றுத் தசைகளும் விலாவிடைத் தசைகளும் உள்ளிருக்கும் காற்றை நெருக்க, குரல்நாண்கள் சட்டென்று திறந்ததும் அது பீறிட்டு வெளியேறி வழியிலிருக்கும் சளியை அடித்துக்கொண்டு வரும். இந்த மூன்றில் எது குறைந்தாலும் இருமல் குறையும். அக்காவுக்கு முதலாவதும் மூன்றாவதும் குறைந்திருந்தன. காற்றை இழுக்கும் தசைக்கும் வலு இல்லை, அதை வெளியே தள்ளும் தசைக்கும் வலு இல்லை.

இந்தப் பீறிடலின் வேகத்தை அளக்க முடியும் என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஆஸ்துமா உள்ளவர்கள் ஊதிப் பார்க்கும் சிறு குழல்மானியை ஒரு முகமூடியோடு இணைத்து, அதற்குள் இருமச் சொல்லி அளக்கிறார்கள். நலமான பெரியவருக்கு அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 360 லிட்டருக்கு மேல் இருக்கும். 270 லிட்டருக்குக் கீழே போனால், நல்ல நாளில் சமாளித்துவிட்டாலும் சளி பிடிக்கும் நாளில் சமாளிக்க முடியாது, ஏனென்றால் காய்ச்சலும் சளியும் வரும்போது தசைகள் மேலும் சோர்ந்துவிடும். 160க்குக் கீழே போய்விட்டால் நல்ல நாளிலேயே சளி வெளியேறாது. அக்காவுக்கு முதன்முதலில் அளந்தபோது 210 வந்தது. அதை அளந்தது மருத்துவமனைக்குப் போய்வந்த பிறகுதான். ஓராண்டு முன்னரே அளந்திருந்தால் அந்தப் பத்து நாள்களைத் தவிர்த்திருக்கலாம் என்று நினைக்கிறேன். மூச்சுப் பரிசோதனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் இந்த எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்து வையுங்கள் என்று, இதே நோயோடு வாழும் குடும்பங்களைச் சந்திக்கும்போதெல்லாம் சொல்கிறேன்.

சக்‌ஷன் மெஷின் வந்த அன்று, சளிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நம்பினோம். அதன் சத்தமும், கண்ணாடி போன்ற டப்பாவுக்குள் எச்சில் போய் விழுவதும் அந்த நம்பிக்கையைக் கொடுத்தன. உண்மையில் நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது வாயில் தேங்கிய எச்சிலை மட்டுமே. எச்சில் வேறு, நெஞ்சுச் சளி வேறு. விழுங்கும் தசைகள் மெதுவாகிவிட்டால், வழக்கமான அளவே சுரந்தாலும் எச்சில் வாயில் தேங்கும். வளைந்த கெட்டிப் பிளாஸ்டிக் முனையை வாய்க்குள் விட்டு எடுத்தால் அது போய்விடும். நெஞ்சுச் சளி மூச்சுக்குழாயின் கிளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாய்க்குள் விடும் எந்த முனையும் அங்கே போகாது. யாராவது அதைத் தொண்டை வரை கொண்டுவந்து சேர்த்தால்தான் சக்‌ஷன் அதை எடுக்க முடியும். கொண்டுவந்து சேர்க்கும் வேலை இருமலுடையது. இருமல் இல்லாதவருக்கு அது காஃப் அசிஸ்ட்டுடையது.

இந்த வேறுபாடு தெரியாததால் இன்னொரு தவறும் செய்தோம். எச்சில் அதிகம் என்று சொல்லி, அதை வற்றவைக்கும் மருந்தை வாங்கிக் கொடுத்தோம். எச்சில் குறைந்தது, ஆனால் அதோடு சேர்ந்து நெஞ்சுச் சளியும் கெட்டியாகிக் கயிறுபோல இழுபடத் தொடங்கிவிட்டது. அந்த மருந்துகள் பலருக்கு மிகவும் தேவைப்படுபவை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவற்றைக் கொடுக்கும்போது உடம்பில் நீர்ச்சத்து போதுமான அளவு இருக்கிறதா, மூச்சுக் கருவியில் ஈரப்பதமூட்டி வேலை செய்கிறதா, சளி எந்தப் பதத்தில் வருகிறது என்பதையெல்லாம் கூடவே பார்க்க வேண்டும். மருத்துவரிடம் சொன்னபோது அளவைப் பாதியாகக் குறைத்தார். நான்கு நாளில் சளி இளகியது.

காஃப் அசிஸ்ட் புதிய கண்டுபிடிப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். போலியோ பரவிக்கொண்டிருந்த 1950களின் தொடக்கத்திலேயே இந்தக் கருவி அமெரிக்காவில் இருந்திருக்கிறது. இரும்பு நுரையீரல் என்று சொல்லப்பட்ட, உடம்பை உள்ளே வைத்து மூச்சுவிட உதவும் பெரிய உருளைக்குள் படுத்திருந்தவர்களின் நெஞ்சுச் சளியை எடுக்க அதைப் பயன்படுத்தினார்கள். பிறகு தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைப்பதும், அந்தக் குழாய் வழியாக உறிஞ்சி எடுப்பதும் பரவலானதும், 1960களில் இது சந்தையிலிருந்தே மறைந்துவிட்டது. இரும்பு நுரையீரல்களைச் செய்துவந்த ஜே.எச். எமர்சன் நிறுவனம் 1993இல் அதை மறுபடியும் கொண்டுவந்தது. சுமார் முப்பது ஆண்டுகள் ஒரு நல்ல கருவி மறக்கப்பட்டுக் கிடந்தது என்பதைப் படித்தபோது, எங்கள் வீட்டு ஐந்து மாதம் எனக்கு நினைவுக்கு வந்தது. உறிஞ்சுவது கண்ணுக்குத் தெரிகிற வேலை என்பதால் எல்லோரும் முதலில் அதையே நம்பிவிடுகிறார்கள்.

கருவியின் வேலை எளிமையானது. முகமூடி வழியாக நுரையீரலுக்குள் காற்றை அழுத்தி நிரப்புகிறது. நிரம்பியதும் கண்ணிமைக்கும் நேரத்தில் அழுத்தத்தைத் தலைகீழாக்கி வெளியே இழுக்கிறது. உள்ளே போகும்போது 40 சென்டிமீட்டர் நீர் அழுத்தம், வெளியே இழுக்கும்போது அதே 40 எதிர்மறையாக என்று வைத்தால், மொத்தம் 80 சென்டிமீட்டர் அளவுக்கு அழுத்தம் சட்டென்று விழுகிறது. அந்த வீழ்ச்சிதான் இருமலாகிறது. பெரியவர்கள் பலருக்கு அழுத்தம் இந்த 40ஐ ஒட்டித்தான் அமைகிறது. முதல் நாளிலேயே அவ்வளவு வைத்தால் பயந்துவிடுவார்கள் என்பதால் 15இலோ 20இலோ தொடங்கிப் படிப்படியாக ஏற்றுகிறார்கள்.

எங்களுக்கு இந்தப் படிப்படியாக என்பதுதான் நடக்கவில்லை. கருவியைக் கொண்டுவந்து கொடுத்தவர் கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் காட்டிவிட்டு, 20இல் வைத்துவிட்டுப் போய்விட்டார். யாரும் மறுபடி வந்து பார்க்கவில்லை. நாங்களும் ஆறு வாரம் அதே 20இல் தினமும் இரண்டு வேளை ஒழுங்காகச் செய்தோம். ஒன்றும் வரவில்லை. இந்தக் கருவி தனக்கு ஒத்துவரவில்லை என்று அக்கா முடிவே கட்டிவிட்டாள். அதன் பிறகு வந்த பிசியோதெரபிஸ்ட் அக்காவின் நெஞ்சில் கையை வைத்து, விலா உயர்கிறதா என்று ஒரு முறை பார்த்தார். அரை அங்குலம்கூட உயரவில்லை. அன்று 25, இரண்டு நாள் கழித்து 30, அடுத்த வாரம் 35, பிறகு 40 என்று ஏற்றினார். 35ஐத் தொட்ட அன்று அக்காவின் நெஞ்சு பல மாதங்களுக்குப் பிறகு முதல் முறையாக முழுதாக விரிந்ததைப் பார்த்தேன். மூன்றாவது சுற்றில், அவள் முதுகில் வைத்திருந்த என் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ நடுங்கி நகர்ந்தது. அடுத்த மூச்சில் கட்டைவிரல் நகமளவுக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு கெட்டிச் சளி தொண்டைக்கு வந்தது. அக்கா கண்களை மூடிக்கொண்டு வெகுநேரம் அப்படியே சாய்ந்திருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். "இல்லடி, லேசா இருக்கு" என்றாள்.

இப்போது நாங்கள் செய்யும் முறையைச் சொல்கிறேன். அக்காவை நிமிர்த்திச் சாய்த்து உட்கார வைப்போம். சாப்பாட்டுக்கு முன்னால்தான் செய்வோம். சாப்பிட்ட பின் என்றால் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும், இல்லாவிட்டால் வாந்தி வந்து அதுவே நுரையீரலுக்குள் போகும் ஆபத்து இருக்கிறது. வயிற்றில் உணவுக்குழாய் வைத்திருப்பவர்களுக்கு, தொடங்கும் முன் அந்தக் குழாயைத் திறந்து காற்றை வெளியேற்றிவிட்டால் வயிறு உப்புவது குறையும். முதலில் வாயிலிருக்கும் எச்சிலை சக்‌ஷன் வைத்து எடுத்துவிடுவேன். எடுக்காமல் காற்றைத் தள்ளினால் அந்த எச்சிலையே உள்ளே தள்ளியதாகிவிடும். பிறகு முகமூடியை மூக்கையும் வாயையும் மூடும்படி வைத்து, கட்டைவிரல்கள் முகமூடியின் மேலும் மற்ற விரல்கள் தாடைக்கு அடியிலுமாகப் பிடித்து, முகமூடியை முகத்தில் அழுத்துவதைவிடத் தாடையை முகமூடிக்குள் தூக்குவதுபோல் பிடிப்பேன். ஓரத்தில் காற்றுக் கசிந்தால், கருவி எவ்வளவு அழுத்தம் காட்டினாலும் நெஞ்சுக்குள் அது போவதில்லை.

இரண்டு நொடி உள்ளே, இரண்டு நொடி வெளியே, ஒரு நொடி இடைவெளி. ஐந்து மூச்சு ஒரு சுற்று. சுற்று முடிந்ததும் முகமூடியை எடுத்து, தொண்டைக்கு வந்ததை உடனே உறிஞ்சி எடுத்துவிட்டு, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஓய்வு. இப்படி நான்கு அல்லது ஐந்து சுற்று, அல்லது சளி வருவது நிற்கும் வரை. வெளியே இழுக்கும் நொடியில் இன்னொருவர் தொப்புளுக்கு மேலே உள்ளங்கையை வைத்து மேல்நோக்கித் தள்ளிக் கொடுத்தால் இருமலின் வேகம் கூடுகிறது. சாப்பிட்ட வயிற்றில் இதைச் செய்யவே கூடாது. கடைசிச் சுற்றை உள்ளே நிரப்பும் மூச்சோடு முடிப்போம், நுரையீரல் சுருங்கிய நிலையில் விட்டுவிடாமல் இருப்பதற்காக. சாதாரண நாள்களில் காலையிலும் படுக்கும் முன்பும் செய்கிறோம். சளி பிடித்த நாள்களில் கணக்கு இல்லை. ஒரு முறை இரவும் பகலுமாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை செய்திருக்கிறோம்.

தொடக்கத்தில் நான் கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டே ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுவேன். எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் அக்காவுக்கு மூச்சு முட்டும். ஒரு நாள் முகமூடியை விலக்கச் சொல்லிச் சைகை காட்டி, "அதப் பாத்து எண்ணாத, என்னப் பாத்து எண்ணு" என்றாள். அவள் இழுக்கத் தொடங்கும்போது தோள் சற்றே உயரும். அந்த நேரத்தில்தான் காற்று போக வேண்டும். அவள் விடத் தயாராகும்போது புருவம் நெளியும். அப்போது கருவி திரும்ப வேண்டும். அவளுடைய மூச்சுக்கு எதிராகக் கருவி போனால் அவள் உடம்பு அதோடு சண்டை போடும், தொண்டை இறுகும், சளி வராது. கண்களை இறுக மூடினால் நிறுத்து என்று அவளும் நானும் பேசி வைத்துக்கொண்டோம். முகமூடி போட்டிருப்பவரால் வாய் திறந்து சொல்ல முடியாது என்பதால், நிறுத்தச் சொல்லும் ஒரு சைகை தொடக்கத்திலேயே வேண்டும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற உறுதி இருந்தால்தான் ஒருவர் தம் மூச்சை இன்னொருவர் கையில் கொடுப்பார்.

யாருக்கு இந்தக் கருவி ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நுரையீரலில் காற்றுக் கொப்புளங்கள் உள்ளவர்கள், அண்மையில் நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்தவர்கள், சளியில் இரத்தம் வருபவர்கள், இரத்த அழுத்தமோ இதயத் துடிப்போ நிலையாக இல்லாதவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது. புதிதாகத் தொடங்கும்போது விலாவில் லேசான வலி வருவது இயல்பு. ஒரு பக்கம் திடீரென்று கூர்மையாக வலித்து மூச்சு வாங்கினால், உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சக்‌ஷனிலும் கைப்பழக்கம் இருக்கிறது. முனையை நேராகத் தொண்டைக்குள் விட்டால் குமட்டும். கடைவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் விட்டு, மெதுவாகப் பின்னால் கொண்டுபோக வேண்டும். உஸ்ஸென்று காற்றின் சத்தம் கேட்டால் அங்கே ஒன்றுமில்லை. கொளகொளவென்று கேட்டால் சரியான இடத்தில் இருக்கிறோம். சத்தமே நின்றுபோனால் முனை கன்னத்துச் சதையைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். அப்போது இழுக்கக் கூடாது. உறிஞ்சும் விசையைத் தளர்த்திவிட்டு எடுக்க வேண்டும், இல்லையென்றால் உள்கன்னம் கன்றிப் புண்ணாகிவிடும். நான் இழுத்து ஒரு தடவை புண்ணாக்கியிருக்கிறேன். அக்கா மூன்று நாள் அந்தப் பக்கம் மெல்லவில்லை.

தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தவர்களுக்கு உறிஞ்சுவது வேறு கவனம் கேட்கும் வேலை. அக்காவுக்கு அந்தக் குழாய் இல்லையென்றாலும் பயிற்சியில் அதையும் கற்றுக்கொடுத்தார்கள். உறிஞ்சும் குழாயின் தடிமன், உள்ளே இருக்கும் குழாயின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. பெரியவர்களுக்கு விசை பொதுவாக 80 முதல் 120 மில்லிமீட்டர் பாதரசம். உள்ளே விடும்போது உறிஞ்சாமல், வெளியே எடுக்கும்போது மட்டும் உறிஞ்ச வேண்டும். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நொடிகளுக்கு மேல் போகக் கூடாது. அங்கே கேட்ட ஒரு செய்தி எனக்கு மறக்கவில்லை. வலது மூச்சுக்கிளை இடதைவிடச் செங்குத்தாக இறங்குவதால், உள்ளே விடும் குழாய் பெரும்பாலும் வலப்பக்கமே போகிறது. இடது நுரையீரலின் சளி அங்கேயே தங்கிவிடுகிறது. காஃப் அசிஸ்ட்டின் காற்று இரு பக்கமும் போகும். அதனால் குழாய் வைத்தவர்களுக்கும், குழாயின் முனையில் முகமூடிக்குப் பதில் ஓர் இணைப்பை மாட்டி, மூச்சுக்குழாய்க்குள் அந்தக் குழாயைச் சுற்றியிருக்கும் சிறு காற்றுப்பையை நிரப்பிய நிலையில் இதே கருவியைப் பயன்படுத்துகிறார்கள்.

சுத்தம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. உறிஞ்சிய ஒவ்வொரு தடவையும் குழாய் வழியாகச் சிறிது சுத்தமான தண்ணீரை உறிஞ்ச விட வேண்டும், டப்பாவை முக்கால் பங்குக்கு மேல் நிரம்ப விடாமல் தினமும் கொட்டிக் கழுவ வேண்டும், முகமூடியைத் துடைத்துக் காயவைக்க வேண்டும். டப்பாவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் சிறு ஃபில்டர் நனைந்துவிட்டால் உறிஞ்சும் விசை போய்விடும். மெஷின் கெட்டுவிட்டது என்று பதறி, உண்மையில் அந்த ஃபில்டரை மட்டும் மாற்ற வேண்டியிருந்த இரவு ஒன்று எங்களுக்கு வாய்த்தது. இப்போது இரண்டு ஃபில்டர்கள் எப்போதும் இழுப்பறையில் இருக்கும்.

எனக்கு இன்னும் ஆறாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாண்டுக்கு முன் மறுபடியும் நெஞ்சுச் சளி கட்டி, ஆக்சிமீட்டரில் 88 காட்டியது. அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். இரண்டு கருவிகளையும் கையோடு எடுத்துப் போயிருந்தோம். வெளியிலிருந்து கொண்டுவந்த கருவிகளை இங்கே பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்தார்கள். சில நிமிடங்களில் எண் 98 ஆனது. எல்லோரும் நிம்மதியானார்கள், நானும்தான். நள்ளிரவுக்கு மேல் அக்கா தூங்கிக்கொண்டே இருந்தாள். எழுப்பினால் தலைவலி என்றாள். என்னைப் பார்த்து அம்மா என்று கூப்பிட்டாள். விடியற்காலையில் இரத்தத்தைச் சோதித்தபோது கார்பன் டை ஆக்சைடு மிகவும் ஏறியிருந்தது.

அக்காவின் நுரையீரலில் நோய் இல்லை. காற்றை உள்ளிழுத்து வெளிவிடும் தசையில்தான் நோய். அப்படிப்பட்டவருக்கு அந்த எண் 95க்குக் கீழே இறங்கினால், ஒன்று சளி அடைத்திருக்கிறது, அல்லது மூச்சின் ஆழம் போதவில்லை என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் எண் ஏறும், ஆனால் அடைத்த சளி அடைத்தபடியே இருக்கும், வெளியேறாத கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துகொண்டே போகும், ஏறிய எண் அதை மறைத்துவிடும். ஆக்சிஜனே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிமோனியா வந்தால் அது தேவைப்படும். அப்போது மூச்சுக்குத் துணை செய்யும் பைபேப் போன்ற கருவியோடு சேர்த்து, இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடைப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். அன்று காலை வந்த மூத்த மருத்துவர் பைபேப்பை உடனே போடச் சொன்னார், காஃப் அசிஸ்ட்டையும் செய்யச் சொன்னார். ஐந்து சுற்றில் வந்த சளியைப் பார்த்துவிட்டு, இரவே இதைச் செய்திருக்க வேண்டும் என்றார். அதன் பிறகு நோயின் பெயர், கருவிகளின் அழுத்தங்கள், ஆக்சிஜன் பற்றிய எச்சரிக்கை, எங்கள் மருத்துவரின் கையெழுத்து ஆகியவை அடங்கிய ஒரு பக்கத் தாளை எப்போதும் பையில் வைத்திருக்கிறோம். கருவிகளை அங்கேயும் பயன்படுத்த வேண்டும் என்று அதில் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறது.

சென்ற ஆண்டிலிருந்து நோய் அக்காவின் தொண்டைத் தசைகளுக்கும் வந்துவிட்டது. பேச்சு குழறத் தொடங்கியது. அதே 40இல் செய்தபோது காற்று உள்ளே போகாமல், குறட்டை போன்ற ஒரு சத்தத்தோடு தொண்டையிலேயே நின்றது. முகமூடி கசிகிறது என்று நினைத்து இன்னும் இறுக்கினேன், அது தவறு. தொண்டைத் தசை பாதிக்கப்பட்டவர்களுக்கு, காற்று வேகமாக வந்து மோதும்போது குரல்வளை திறப்பதற்குப் பதில் தானாகவே மூடிக்கொள்வது உண்டு. இப்போது உள்ளே தள்ளும் அழுத்தத்தை 25ஆகக் குறைத்து, நேரத்தை மூன்று நொடியாக நீட்டி, காற்று மெதுவாகப் போகும்படி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். முன்பு வந்த அளவுக்குச் சளி வருவதில்லை, ஆனால் வருகிறது. அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவதுதான் முன்னேற்றம் என்று நினைத்திருந்த எனக்கு, அதைக் குறைக்க ஒப்புக்கொள்வது எளிதாக இருக்கவில்லை.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் இருக்கும் ஏற்பாடு இதுதான்: பேட்டரியில் ஓடும் சக்‌ஷன் ஒன்று, காலால் மிதித்து இயக்கும் சக்‌ஷன் ஒன்று, கையால் அமுக்கிக் காற்று செலுத்தும் ஆம்பு பை ஒன்று. அக்காவின் குரல்நாண்கள் மூடித் திறக்கும் வலுவோடு இருந்தபோது, ஒருவழி வால்வு பொருத்திய ஆம்பு பையால் மூன்று நான்கு மூச்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாக உள்ளே அடுக்கி, பிறகு வயிற்றை அமுக்கிக் கொடுத்தால் ஓரளவு நல்ல இருமலே வந்தது. எந்தக் கருவியும் கிடைக்காத இடத்தில் இந்த முறையையாவது கற்றுக்கொள்ளலாம். பேட்டரிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிப் பார்க்கிறோம்.

பதினாறு வயதாகும் அக்காவின் மகன் இப்போது இதைக் கற்றுக்கொள்கிறான். அக்கா நன்றாக இருக்கும் நாள்களில்தான் கற்றுக்கொடுக்கிறேன். மூச்சுத் திணறும் இரவில் எவராலும் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது. முதல் நாள் அவனும் என்னைப்போலவே திரையைப் பார்த்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினான். மூன்றாவது மூச்சில் அக்கா கண்களை இறுக மூடினாள். அவன் பதறி முகமூடியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா கண்ணைத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிறிது நேரம் கழித்து அவன் நாற்காலியைத் திரைக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு, முகமூடியைக் கையில் வைத்தபடி, அம்மாவின் தோள் உயர்வதற்காகக் காத்திருந்தான்.